விளங்காத கேஸ்களின் நோட்டு

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டரின் ஒரு மூலையில், கம்பிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, மயக்கத்தில் கிடப்பவரின் நரம்பலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே இருபத்தெட்டு வருடம் என் பிழைப்பு. சர்ஜன் வளைந்த முதுகை நிமிர்த்துவார். செவி நரம்பை ஒட்டிய கட்டியைச் சுரண்டுவார். தண்டுவடத்துக்கோ நரம்புக்கோ ஆபத்து வந்தால், அது நிரந்தரச் சேதமாகும் முன் சொல்லிவிட வேண்டியது நம் வேலை. ஊரில் உயிரியலோ பயோமெடிக்கலோ படித்து, இங்கே மேற்படிப்பு முடித்து இந்தத் தொழிலுக்குள் வரும் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது போன் செய்வார்கள். "அண்ணா, போர்டு எழுதலாம்னு இருக்கேன். என்ன படிக்கணும்?" துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதியிருக்கிறேன். 'நீ' என்றுதான் எழுத வருகிறது; வயசு அப்படி.

1. எந்தக் கதவு என்று முதலில் பார்.

எல்லாப் பெயரும் ஒன்றுபோலவே இருக்கும், ஏமாந்துவிடாதே. அறுவை அரங்கில் எலெக்ட்ரோடு ஒட்டிப் பதிவெடுக்கும் டெக்னாலஜிஸ்டுகளுக்கு ஏப்ரெட் வாரியம் நடத்தும் சி.என்.ஐ.எம். இருக்கிறது. நரம்பியல், மனநலத் துறை டாக்டர்கள் கூடுதலாக ஃபெலோஷிப் செய்துவிட்டு எழுதுவது அமெரிக்கன் போர்டு ஆஃப் சைக்கியாட்ரி அண்ட் நியூராலஜி 1992 முதல் நடத்தும் கிளினிக்கல் நியூரோபிசியாலஜி தேர்வு. நான் எழுதியதும், நீ கேட்பதும் மூன்றாவது: அமெரிக்கன் போர்டு ஆஃப் நியூரோபிசியாலஜிக் மானிட்டரிங். மேற்பட்டம் பெற்று, அலைகளைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கானது. எழுத்துத் தேர்வு முதலில். தேறினால் வாய்மொழித் தேர்வு. தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே போன வருஷம் எழுதிய நண்பன் சொன்னதை நம்பாதே, இந்த வருஷக் கையேட்டை வரி வரியாகப் படி.

2. கேஸ் பட்டியலை முதல் நாளிலிருந்தே எழுது.

எத்தனை கேஸ், எந்த வகை அறுவை, என்னென்ன பரிசோதனைகள் ஓடின, அதில் உன் பங்கு என்ன என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் செய்ததைக் கடைசி மாதத்தில் நினைவிலிருந்து திரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். நோயாளியின் பெயரோ பிறந்த தேதியோ அதில் வரவே கூடாது. ஹிப்பா சட்டம் விளையாட்டல்ல. எல்லாமே இடுப்பு முதுகு கேஸாக இருந்தால், கழுத்து ரத்தக் குழாய், மண்டையோட்டின் அடிப்பகுதி, குழந்தைகளின் தண்டுவடம் என்று கேட்டு வாங்கிப் போ. வாரியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீ பார்க்காத அறுவையைப் பற்றிய கேள்விக்கு எந்தப் புத்தகமும் முழுசாகத் துணை வராது.

3. உன் பெயரைச் சரிசெய்.

இது நம் ஆட்களுக்கு மட்டுமான தலைவலி. டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம், ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளப் பெயர். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். முதல் முறை என் விண்ணப்பம் இதனாலேயே ஒரு சுற்று தள்ளிப்போனது. நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல் முத்திரையிட்ட உறையில் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதையும் இப்போதே கேட்டு வை. சர்ஜன்களிடம் சான்றுக் கடிதம் கேட்பதென்றால், நல்லபடியாக முடிந்த ஒரு கேஸின் மறுநாள் கேள்.

4. ஒரு நோட்டு போடு.

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. அதில் நன்றாக நடந்த கேஸ்கள் வேண்டாம். திரையில் ஏதோ மாறி, ஏன் என்று உனக்கு விளங்காமல் போன கேஸ்களை மட்டும் எழுது.

என் நோட்டின் முதல் பக்கம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு முதுகு நிமிர்த்தும் அறுவை. கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கால்களின் எம்.ஈ.பி., அதாவது மண்டையில் மின்தூண்டல் கொடுத்துக் கால் தசையில் பிடிக்கும் அலை, இரண்டு பக்கமும் காணாமல் போயிற்று. கத்தாத குறையாகச் சொன்னேன். சர்ஜன் கையை எடுத்துவிட்டார். அரங்கமே நின்றது. கம்பியைத் தளர்த்தினார்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றினார்கள். இருபது நிமிடம் கழித்து மயக்க மருந்து டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "கை அலை எப்படி இருக்கிறது?" பார்த்தேன். கையிலும் இல்லை. சற்று முன் தசைத் தளர்த்தி மருந்து போயிருக்கிறது; யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறுவை நடந்தது மார்புப் பகுதி முதுகில். அங்கே தண்டுவடம் அடிபட்டால் கால் போகும், கை போகாது. கையைப் பார்த்திருந்தால் பத்து வினாடியில் விளங்கியிருக்கும்.

அன்று இரவு எழுதினேன்: 'கை பார்த்தேனா? ட்ரெயின் ஆஃப் ஃபோர் கேட்டேனா?' தொடர்ந்து நான்கு முறை நரம்பைத் தூண்டி எத்தனை துடிப்பு வருகிறது என்று பார்க்கும் அந்தச் சோதனையை அதற்குப் பிறகு ஒரு கேஸிலும் நான் விட்டதில்லை.

5. எல்லாக் கேள்வியையும் 'எங்கே அறுந்தது' என்று கேட்டுப் பழகு.

கணுக்காலில் டிபியல் நரம்பைத் தூண்டுகிறாய். முழங்கால் மடிப்பில் ஒரு பதிவு, கழுத்தில் ஒன்று, தலையில் ஒன்று. ஒரு காலின் அலை எல்லா இடத்திலும் போயிற்றென்றால், கோளாறு கீழேயே இருக்கிறது: எலெக்ட்ரோடு நழுவியிருக்கும், அல்லது கால் நசுங்கியிருக்கும். முழங்காலில் இருக்கிறது, கழுத்திலும் தலையிலும் இல்லை, கைகள் பழுதில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே, சர்ஜன் வேலை செய்யும் இடத்தில் தேடு. கழுத்து வரை நன்றாக வந்து தலையில் மட்டும் கை, கால் எல்லாமே சுருங்குகிறதென்றால் தலையைத் திருப்பி மயக்க வாயு எவ்வளவு என்று பார். ஒரே ஒரு கை மட்டும் விழுந்தால் அந்தத் தோளை யார் இழுத்துக் கட்டினார்கள் என்று பார்.

இன்னொன்று. உணர்வு அலை, அதாவது இப்படிக் கணுக்காலிலிருந்து ஏறிவருவது, அசையாமல் இருக்க, இயக்க அலை, அதாவது எம்.ஈ.பி., மட்டும் போகிறது. தளர்த்தி மருந்தும் இல்லை. தண்டுவடத்தின் முன் பக்க மூன்றில் இரண்டு பங்குக்கு ரத்தம் கொடுப்பது முன் தண்டுவடத் தமனி. உணர்வு அலை ஏறிப்போவது பின் பக்கத்தில். ஆக, முன் பக்கம் ரத்தமில்லாமல் தவிக்கும்போதும் பின் பக்கம் நிம்மதியாக அலை அனுப்பிக்கொண்டிருக்கும். பெருந்தமனி அறுவையில், இந்த முன் தமனிக்கு ரத்தம் சேர்க்கும் ஆடம்கீவிச் தமனியைப் பற்றி ஏன் அத்தனை பயம் என்பது இதில் தெரிந்துவிடும். இந்தப் பாதைகளைப் புத்தகத்தில் பார்த்தால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு வெற்றுத் தாளில் வரை: எங்கே நுழைகிறது, எங்கே மறுபக்கம் கடக்கிறது, யார் ரத்தம் கொடுக்கிறார்கள். நான் நூறு தடவைக்குமேல் வரைந்திருப்பேன்.

6. எண்களைக் குறைவாக மனப்பாடம் செய், காரணத்தோடு செய்.

உணர்வு அலையின் உயரம் 50 சதவீதம் குறைந்தாலோ, தாமதம் 10 சதவீதம் கூடினாலோ எச்சரிக்கை. எதில் 50 சதவீதம்? புத்தகத்தில் உள்ள அளவில் அல்ல, இந்த நோயாளியிடம் நீ முதலில் எடுத்த அடிப்படைப் பதிவில். பலர் சறுக்குவது அங்கேதான். முதுகெலும்பில் பதித்த திருகை மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது, எலும்புச் சுவர் முழுசாக இருந்தால் மின்சாரம் நரம்பை எட்ட நிறைய ஆம்ப் வேண்டும். சுவர் உடைந்திருந்தால் கொஞ்சமே போதும். அதனால்தான் 10 மில்லிஆம்புக்கு மேல் என்றால் ஆறுதல், 8-க்குக் கீழே என்றால் சந்தேகம். காரணம் தெரிந்தவனுக்கு அடுத்ததும் தானாக வரும்: வெகுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு வேர் எளிதில் துடிக்காது, அங்கே பெரிய எண்ணே உன்னை ஏமாற்றலாம்.

7. மின்னியலை விடாதே.

உயிரியல் படித்து வந்தவர்கள் மதிப்பெண்ணைத் தவறவிடுவது இங்கேதான். ஃபில்டர் அலையை எப்படித் தள்ளிப்போடும், வினாடிக்கு எத்தனை மாதிரி எடுத்தால் அலை பொய்யாகத் தெரியாது, கசிவு மின்சாரம் எவ்வளவு தாங்கும், எலெக்ட்ரோடுகளின் மின்தடை ஏன் சமமாக இருக்க வேண்டும். சராசரி எடுத்தால் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் குறையும். 100 முறை எடுத்தால் 10 மடங்கு தெளிவு, 400 எடுத்தால் வெறும் 20. அறுவை அரங்கில் அவசரத்தில் எத்தனையோடு நிறுத்துவது என்று முடிவெடுக்க இந்தக் கணக்குத் தெரிய வேண்டும்.

வினாடிக்கு 5 முறை தூண்டாமல் 4.7 என்று வைக்கிறோமே, ஏன்? இங்கே மின் இணைப்பு 60 ஹெர்ட்ஸ். 60-ஐ 5 மீதியில்லாமல் வகுக்கும். ஒவ்வொரு பதிவிலும் மின்னிரைச்சல் ஒரே இடத்தில் விழுந்து, சராசரியில் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். நம்மூரில் 50 ஹெர்ட்ஸ். அங்கேயும் 5 உதவாது. ஊரில் வேலை கற்றுவிட்டு வந்த ஒரு பையன் இங்கே திரையில் 50-ஐத் தேடிக்கொண்டிருந்தான். சிரிக்காதே, நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

8. மயக்க மருந்து டாக்டரிடம் சிநேகமாக இரு.

வாயு மருந்துகள் தலையில் வரும் அலையை அமுக்கும், எம்.ஈ.பி.யை இன்னும் மோசமாக. ஆகவேதான் நாளம் வழி ப்ரோபோஃபால் கேட்கிறோம். கேட்டமினும் எடோமிடேட்டும் தலைகீழ்: உணர்வு அலையைப் பெரிதாக்கும். தளர்த்தி மருந்து இயக்க அலையைக் கொல்லும், ஆனால் தசை இரைச்சலை அடக்கி உணர்வு அலைக்கு உதவும். இதையெல்லாம் அட்டவணையாகப் படித்தால் மூன்று நாளில் மறக்கும். ஒவ்வொரு கேஸிலும் இப்போது என்ன போகிறது என்று கேட்டு, திரையைப் பார்.

9. கொஞ்சம் வரலாறு.

1973-ல் ஸ்டாக்னாரா குழு சொன்ன வழி, அறுவை நடுவில் நோயாளியை எழுப்பி "காலை அசை" என்று கேட்பது. 1977-ல் நாஷும் சகாக்களும் உணர்வு அலையை முதுகு அறுவைக்குக் கொண்டுவந்தார்கள். 1980-ல் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையோட்டுக்கு மேலிருந்தே மூளையைத் தூண்டித் தசையை அசைத்துக் காட்டினார்கள். 1995-ல் நூவர் வெளியிட்ட ஆய்வு 51 ஆயிரத்துக்கும் அதிகமான முதுகு அறுவைகளைத் திரட்டியது. அனுபவமுள்ள குழு கண்காணித்த இடங்களில் நரம்புச் சேதம் பாதிக்கும் குறைவு என்றது. ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்தது. அந்த வரிசை தெரிந்தால் ஒவ்வொரு பரிசோதனையின் பலவீனமும் சேர்ந்தே நினைவிருக்கும்.

10. புத்தகம் மூன்று போதும்.

ஆகெ மோலர் எழுதியது, டெலெட்டிஸும் ஷில்ஸும் தொகுத்தது, ஹுசைன் தொகுத்தது. முதலில் மோலர். செவி நரம்பைத் திறந்த அறுவையில் நேரடியாகப் பதிவெடுத்த மனிதர் அவர். காதில் சத்தம் கொடுத்து எடுக்கும் ஐந்து அலைகளில் இரண்டாவது, பூனையிடம் மூளைத் தண்டிலிருந்து வருகிறது. மனிதரிடமோ நரம்பிலிருந்தே வருகிறது. ஏனென்றால் நமக்குச் செவி நரம்பு நீளம், சுமார் 2.5 சென்டிமீட்டர். இப்படி ஒரு காரணம் மண்டையில் ஏறிவிட்டால் ஐந்து அலைகளையும் தனியாக உருப்போட வேண்டாம். அத்துடன் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கைகள். நான்காவது புத்தகம் வாங்கத் தோன்றினால், முதல் புத்தகத்தை மறுபடி படி.

11. 'ஞாபகக் கேள்விகள்' பக்கம் போகாதே.

எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதிப் பகிரும் கேள்விகளைச் சொல்கிறேன். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று நாங்களெல்லோரும் கையெழுத்துப் போட்டவர்கள். என்னிடமும் கேட்காதே. மேலும், அந்தத் தாள்களில் பாதி விடை தப்பு.

12. துணை ஒன்று வேண்டும்.

ஒருவர் போதும், இருவருக்கு மேல் வேண்டாம், அரட்டையாகிவிடும். நானும் தோழி ஒருவரும் சனிக்கிழமை காலை போனில் நோட்டுகளை மாற்றிப் படிப்போம். அவர் கேஸை நான் விளக்க வேண்டும், என் கேஸை அவர். ஒரு தடவை ஒரே ஒரு கேஸிலேயே மூன்று மணி நேரம் போயிற்று. என்ன காரணம் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, ஆனால் என்னென்ன காரணம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

13. தேர்வு நாள்.

முந்தின இரவு ஆன்-கால் வாங்காதே. நீளமான கேஸ் கேள்வியில் கடைசி வரியை முதலில் படி. தெரியாததைக் குறித்துவிட்டு நகர். சாப்பாட்டைக் கொஞ்சமாகச் சாப்பிடு.

14. தோற்றால்.

நான் முதல் முறை தோற்றேன். ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன்: எழுதி வைத்த நாற்பத்தோரு கேஸில் காரணம் கண்டவை பதினேழுதான். மீதியை வைத்துக்கொண்டுதான் மறுவருஷம் உட்கார்ந்தேன். அதே நோட்டு வாய்மொழித் தேர்விலும் உதவியது. மேசைக்கு எதிரே மூத்தவர்கள் உட்கார்ந்து "இப்போது சர்ஜனிடம் என்ன சொல்வாய்?" என்று கேட்கும்போது, எப்போதோ ஒரு இரவில் அதே கேள்வியை என்னை நானே கேட்டிருந்தது கைகொடுத்தது.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டு. இன்றைய கேஸைப் பட்டியலில் ஏற்றிவிட்டுப் படு.