விளையாட்டுச் சிகிச்சைப் படிப்பு: பட்டம் வேறு, பதிவு வேறு

நம் சங்கத்து வியாபாரிகள் சிலர் சென்ற சில மாதங்களாக ஒரே விஷயத்தை நம்மிடம் விசாரித்து வருகின்றனர். பிள்ளைக்குப் பந்தாட்டத்திலும் ஓட்டத்திலும் ஆசை, டாக்டர் படிப்புக்கு மார்க்குப் போதவில்லை, இங்கிலாந்தில் 'ஸ்போர்ட்ஸ் ரிஹபிலிட்டேஷன்' என்று மூன்று வருடப் பட்டப்படிப்பு ஒன்று இருப்பதாக ஏஜெண்டு சொல்கிறார், அனுப்பலாமா? நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் மட்டுமே படித்த கடைக்காரர். ஆயினும் சரக்கு வாங்குமுன் நாலு இடத்தில் விசாரிப்பது நமக்குப் பழக்கமான காரியம். அவ்விதம் விசாரித்தறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தொழில் என்னவென்று பார்ப்போம். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜாலான் புசார் ஸ்டேடியம் இருக்கிறது. 1929 முதல் அங்கே பந்தாட்டம் நடந்து வருகிறது. அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வாலிபன் ஒருவன் சட்டென்று திரும்புகிறான். பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஜவ்வு கிழிந்துவிடுகிறது. டாக்டர் ஒரே நாளில் அறுவைச் சிகிச்சையை முடித்துவிடுவார். அதன்பின்தான் பெரும்பாடு. சில வாரங்களுக்குள் தொடைத் தசை மெலிந்துவிடும். வீக்கம் வடியச் செய்து, காலை முழுதும் நீட்டவும் மடக்கவும் பழக்கி, பின்பு சிறுகச் சிறுகப் பாரம் ஏற்றி, நடக்க வைத்து, ஓட வைத்து, கடைசியில் குதித்துத் திரும்பவும் செய்ய வேண்டும். மீண்டும் ஆட்டத்தில் இறங்க ஒன்பது மாதமேனும் ஆகும் என்கிறார்கள். அத்தனை மாதமும் கூடவே நின்று அளந்து பார்த்து நடத்துகிறவரின் வேலைதான் இது. அவசரக்காரருக்கு ஏற்றதல்ல.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டுக் கடை வைக்க நினைப்பவர் எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும், லைசென்சு இல்லாமல் இவ்வூரில் கடை திறக்க முடியுமா? சிகிச்சைத் தொழிலும் அப்படித்தான். 2011-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் துணை மருத்துவத் தொழிலர் சட்டம் நிறைவேறிற்று. 2013 முதல் அதன்படி அமைந்த மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பிசியோதெரபிஸ்டாகத் தொழில் செய்ய இயலாது. ஸ்போர்ட்ஸ் ரிஹபிலிட்டேஷன் பட்டம் பிசியோதெரபிப் பட்டம் ஆகாது. பெயரும் பாடமும் ஓரளவு ஒத்திருக்கலாம், பதிவு வேறு. இங்கிலாந்திலேயே இவ்விரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் ரிஹபிலிட்டேஷன் படித்தவர்களுக்குப் பாஸ்ராட் என்ற சங்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சட்டப்படியான பதிவேட்டை எச்.சி.பி.சி. என்ற மன்றம் நடத்துகிறது. முன்னதில் இருப்பவர் பின்னதின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஏஜெண்டுமார் இதைச் சொல்வதில்லை என்று குறை கூற நாம் வரவில்லை. கேட்டால் சொல்லக்கூடும். நம்மவர்கள் கல்லூரிச் சம்பளத்தையும் தங்கும் வாடகையையும் கேட்கிறார்களே ஒழிய, "இந்தப் பட்டத்தைக் கொண்டு எந்தப் பதிவேட்டில் சேரலாம்?" என்று கேட்பதில்லை.

சிங்கப்பூரிலேயே படிக்க வழி உண்டு. முன்பு நான்யாங் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவாக இருந்த பிசியோதெரபிப் படிப்பு, 2016 முதல் எஸ்.ஐ.டி. எனப்படும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பாக நடக்கிறது. படிக்கும்போதே ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுடன் பயிற்சியும் உண்டு. வியாபாரிகள் கணக்கில் சொல்வதானால்: இங்கிலாந்தில் மூன்று வருடம் ஸ்போர்ட்ஸ் ரிஹபிலிட்டேஷன், அதன்மேல் பிசியோதெரபிஸ்டாக வேண்டுமானால் இரண்டு வருட முதுகலை, ஆக ஐந்து வருடம் அந்நிய தேசத்துச் செலவு. இங்கே நான்கு வருடம், வீட்டுச் சாப்பாடு, குடிமக்களுக்குச் சர்க்கார் கட்டண மானியம். பையன்களுக்கு இரண்டு வருடத் தேசிய சேவையும் இடையில் வருவதால், ஒரு வருடம் கூடுவதும் குறைவதும் சின்ன விஷயமல்ல. ஆனால் எஸ்.ஐ.டி.யில் இடம் கிடைப்பது எளிதல்ல என்பதையும் மறைக்கக்கூடாது, போட்டி அதிகம்.

ஸ்போர்ட்ஸ் ரிஹபிலிட்டேஷன் பட்டத்தை ஏற்கெனவே பெற்று வந்த பிள்ளைகள் என் செய்வது? கை விரிக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரண்டு வருட முதுகலையை முடித்தால் பிசியோதெரபிக்கு மாறலாம். சேருமுன் அந்தச் சர்வகலாசாலையின் பட்டத்தைச் சிங்கப்பூர் மன்றம் ஏற்கிறதா என்று மன்றத்திலேயே கேட்டுவிட வேண்டும். சிகிச்சையை விட்டுப் பயிற்சிப் பக்கம் போக விரும்புவோர், அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. சங்கம் நடத்தும் சி.எஸ்.சி.எஸ். பரீட்சையில் தேறி, விளையாட்டுக் குழுக்களுக்கு உடல்வலுப் பயிற்சியாளர் ஆகலாம். இருதய நோயாளிகளுக்கும் நீரிழிவுக்காரருக்கும் தேகப்பயிற்சி வகுத்துக் கொடுக்கும் தனித்துறையும் வளர்ந்து வருகிறது; அதற்கும் முதுகலை உண்டு. பள்ளித் தேகப்பயிற்சி ஆசிரியர் வேலைக்குத் தேசியக் கல்விக் கழகத்தின் பயிற்சி வேண்டும். இதை இளப்பமாக நினைப்பவர்கள், 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய நம் ஊர் சி. குணாளன் அவர்களை எண்ணிப் பார்க்கட்டும். அவருடைய தேசியச் சாதனை 2001 வரை நின்றது. அவர் தேகப்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராக இருந்தவர்.

ஒரு விஷயத்தைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலம். தேசியக் குழுவோடு வெளிநாடு போகும் உத்தியோகங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. அன்றாடச் சோறு வருவது கிழவர்களின் முழங்காலிலிருந்துதான்! 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்பது சர்க்காரின் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்தவர், வாத நோயால் ஒரு பக்கம் விழுந்தவர், மூட்டுத் தேய்ந்தவர் என ஆஸ்பத்திரிகளிலும் பராமரிப்பு நிலையங்களிலும் வேலை காத்திருக்கிறது. பந்தாட்டக்காரனின் காலுக்குப் பார்க்கும் வைத்தியத்தில் பாதி இவர்களுக்கும் பொருந்தும்.

பெண் மக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தாய்மார்கள் மூட்டு வலியை வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்களே தவிர, அந்நிய ஆடவர் தொட்டுச் சிகிச்சை செய்ய உடன்படமாட்டார்கள். பெண் சிகிச்சையாளர் வேண்டுமென்று கேட்கும் நாமே, நம் பெண்ணை அப்படிப்பிற்கு அனுப்பத் தயங்குகிறோம்! பொது ஆஸ்பத்திரிகளில் சீருடையோடு தலைத்துணி அணியக்கூடாது என்றிருந்த தடை 2021 நவம்பர் 1 முதல் நீங்கிவிட்டது. ஆகவே அந்தக் காரணமும் இப்பொழுது இல்லை.

கடையநல்லூர், தென்காசி, நாகூர்ப் பக்கத்து உறவினர் சிலர், தமிழ்நாட்டில் பி.பி.டி. படித்த பிள்ளைக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று கடிதம் எழுதுகின்றனர். அங்கே பி.பி.டி.க்கு மேல் இரண்டு வருட எம்.பி.டி. உண்டு, அதில் விளையாட்டுப் பிரிவும் இருக்கிறது. அது நல்ல படிப்பே. ஆனால் வெளிநாட்டுப் பட்டதாரி இங்கு வந்து இறங்கியதும் தொழில் தொடங்கிவிட முடியாது. முதலில் வேலை தரும் நிலையம் ஒன்று முன்வர வேண்டும். அதன்பின்பும் மன்றத்தின் பரிசீலனை, சிலருக்குப் பரீட்சை, மேற்பார்வையின் கீழ்ச் சில காலம் என்று வரிசையாக உண்டு.

பணத்தைப் பற்றி: பிசியோதெரபிக்கு எம்.ஓ.எச். ஹோல்டிங்ஸ் மூலம் சுகாதாரத் துறை உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் பொது ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். பெற்றோர் ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும். வசதி குறைந்த குடும்பத்தார் 1991-இல் தொடங்கிய சிண்டாவிலும் விசாரிக்கலாம். இந்திய முஸ்லிம்களுக்கும் அதன் கதவு திறந்திருக்கிறது.