கடலோர வயல்களில் உப்பேற்றம்: வங்காள தேசத்தின் அநுபவம்

பூமியின் சீதோஷ்ண நிலை மாறிவருவதால் நேரும் கஷ்டம் எல்லோருக்கும் சமமாக வருவதன்று. வங்காள தேசத்தின் தென்மேற்குக் கடலோரத்திலுள்ள குல்னா, ஸாத்கீரா ஜில்லாக்கள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் உண்டாகும் கரியமில வாயு ஆகாயத்தில் மிகுந்து பூமியின் உஷ்ணத்தை உயர்த்துகிறது. அதனால் கடல்நீர் விரிகிறது. பனிப்பாறைகளும் உருகிக் கடலிற் சேருகின்றன. 1901 முதல் 2018 வரையில் உலகத்துக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. இவ்வாயுவைப் பெரும்பாலும் வெளியிட்டவை செல்வ நாடுகளே. வங்காள தேசத்தின் பங்கு மிகச் சொற்பம்.

மேற்கூறிய ஜில்லாக்களில் நிலம் மிகத் தாழ்வானது. 1960-க்குப் பின் மண்கரைகளும் மதகுகளும் அமைத்து, கடலின் ஏற்றநீரைத் தடுத்து நெல் பயிரிட்டு வந்தனர். 2009-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி அடித்த 'ஐலா' புயலில் இக்கரைகள் பல இடங்களில் உடைந்தன. சில உடைப்புகள் ஏறக்குறைய இரண்டு வருஷம் அடைபடாமையால், ஏற்றநீர் தினம் இருமுறை வயல்களில் புகுந்தது. குடும்பங்கள் கரையின்மேலேயே குடிசையிட்டு வசித்தன. குளங்கள் உப்பாகவே, பெண்கள் குடிநீருக்கு நெடுந்தூரம் நடந்தனர்.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், நிலச்சொந்தக்காரருக்கு நீர் வடிந்தபின் நிலமாவது மிஞ்சும். உப்புநீரில் இறால் வளர்த்து வருமானம் பெற்றவரும் உண்டு. வாரத்துக்கு உழுபவருக்கோ சேமித்த விதையும் கன்றுகாலிகளும் போயின. கூலியாளுக்கு நடவுமில்லை, அறுவடையுமில்லை. நெல்லுக்கு வேண்டிய ஆட்களில் சிறு பகுதியே இறால் பண்ணைக்குப் போதும். ஆகவே பலர் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர்.

நமது கிழக்குக் கரையும் அதே வங்காள விரிகுடாவை அடுத்தது. ஆதலின் கடலோரக் கிராமத்தார் அறியவேண்டியவை:

1. மழைக்காலத்துக்கு முன் கரைகளையும் மதகுகளையும் பார்வையிட்டு, நண்டுவளை, எலிவளை, வெடிப்புகளை அடைத்துவிட வேண்டும்.

2. உப்பேறிய வயலில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, கடல் வற்றும் வேளையில் மதகின் வழியே வடிக்க வேண்டும். பலமுறை இவ்விதம் செய்தால் உப்புக் கரைந்து செல்லும்.

3. உப்பைத் தாங்கும் நெல்வகைகளின் விதையை முன்னதாகவே சேகரித்தல் நலம். வங்காள தேசத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் 2007-ல் அத்தகைய 'பிரி தான் 47' என்னும் வகையை வெளியிட்டது.

4. சேதத்தை மதிப்பிடும்போது, நிலப்பதிவில் பெயருள்ளவரோடு வாரதாரரையும் கூலியாட்களையும் குடும்பவாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏக்கர்க் கணக்கு மாத்திரம் எழுதினால், அதிகம் இழந்தவர் கணக்கிலேயே வாராமற் போவர்.

இந்நான்கையும் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் புயலுக்குமுன் கூடி ஆலோசித்துக்கொள்வது உசிதமாகும்.