கிதாரின் மர நிறம் மாறாமல் பாலிஷ் போட

எந்தப் பாலிஷ் போட்டாலும் மரம் கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். எவ்வளவு கருக்கும் என்பது பாலிஷைப் பொறுத்தது.

ஸ்ப்ரூஸ், மேப்பிள் போன்ற வெளிர் மரங்களுக்குத் தண்ணீர் கலந்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன்தான் என் தேர்வு. டப்பாவில் பால் போல இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். ஆளி விதை எண்ணெயும் எண்ணெய் கலந்த பாலியூரித்தேனும் முதல் நாளே மஞ்சள் ஏற்றிவிடும். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் போகப்போக மஞ்சளாகும். பழைய கிதார்களின் அந்த மஞ்சளைத் தேடிப் போகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.

தண்ணீர்ப் பாலிஷில் ஒரு தொல்லை: மர நார் எழும்பிச் சொரசொரக்கும். முன்பே ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். முன்பலகைக்கு மெல்லிய கோட்டிங்தான் நல்லது; கனம் கூடினால் நாதம் அமுங்கும்.

ஈட்டி மரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் பாலிஷ் சரியாகப் பிடிக்காது. மெழுகு நீக்கிய வெளிர் ஷெல்லாக்கை அடியில் ஒரு கோட் கொடுங்கள். விரல்பலகை ஈட்டியானால் பாலிஷே வேண்டாம்.

கிதாரில் கை வைக்கும் முன், அதே மரத்தின் வெட்டுத்துண்டில் பூசிப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் மாதிரி அட்டையை நம்பாதீர்கள்.

பேடாக் மரத்தின் சிவப்பும் பர்பிள்ஹார்ட் மரத்தின் ஊதாவும் வெயில் பட்டால் பழுப்பாகும்; புற ஊதாத் தடுப்புள்ள பாலிஷ்கூட அதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. கிதாரை ஜன்னலோரம் மாட்டாமல் பெட்டியில் வையுங்கள்.