கணிதம் கற்பிக்கப் புகுவார்க்கு

தமிழ் கற்பிக்கும் நாம் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகலாம். கற்பித்தல் என்னுந் தொழில் எல்லாப் பாடங்கட்கும் பொதுவாதலின், எமது கல்லூரியில் நேரிற் கண்ட ஒன்றை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். ஆசிரியத் தொழிலை நாடும் இளைஞர்க்கு அது பயன்படுதல் கூடும்.

எமது பழைய மாணவர் ஒருவர், கணித ஆசிரியராதற்குப் பயில்பவர், கற்பித்தற் பயிற்சியின் பொருட்டு இங்கு வந்திருந்தார். பதினோராந் தரத்தினர்க்கு அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒரு வட்டத் தேற்றம். வில்லொன்று மையத்தில் எதிரமைக்குங் கோணம், அவ்வில் பரிதியின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்குங் கோணத்தின் இருமடங்காகும் என்பதே அது.

அவர் முதற்கண் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, கண்ணாற் கற்போர், செவியாற் கற்போர், செய்கையாற் கற்போர் என மாணவரை மூன்று குழுவாக்கினார். முதற் குழு கணினித் திரையை நோக்கிற்று. இரண்டாங் குழு அவர் ஒலிப்பதிவு செய்த விளக்கத்தைக் கேட்டது. மூன்றாங் குழு தாளில் வட்டம் வரைந்து கோணமானியால் அளந்தது. சிறிது நேரத்தில், கேட்போர் குழுவிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "சேர், படத்தை நாங்களும் பார்க்கலாமா?" என்றான். அவன் கேட்டது நியாயமே. வட்டத்தைக் காணாது வட்டத் தேற்றத்தைக் கற்பது எங்ஙனம்?

பின்னர் யாவருந் திரையை நோக்கினர். அதில் இயங்கியது ஜியோஜீப்ரா என்னும் மென்பொருள். 2001 ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் ஆக்கத் தொடங்கியது அது. மையக்கோணம் 100 பாகை. பரிதிக்கோணம் 50 பாகை. பரிதியிலுள்ள புள்ளியை நகர்த்தியும் 50 மாறவில்லை. வகுப்பு மகிழ்ந்தது. முன்னர் எழுந்த மாணவனை அழைத்து நகர்த்தச் செய்தார். அவன் புள்ளியை வில்லின் முனையைக் கடந்து சிறுவில்லின் மேற் கொண்டுசெல்லவே, 50 சடுதியாக 130 ஆயிற்று. "சேர், தேற்றம் பிழைத்துவிட்டதா?" என்றான். ஆசிரிய மாணவர் விடை கூறாது நின்றார். மணியும் அடித்தது.

அன்று மாலை அவர் எம்மிடம் வந்து, "சேர், நான் காட்டினேன், விளக்கவில்லை. இத்தொழில் எனக்கு ஏற்றதுதானா?" என்று வருந்தினார். "கணிதத்தை மறந்துவிட்ட எமக்கு அத்தேற்றத்தை விளக்கும், பார்ப்போம்" என்றோம். அவர் தாளில் வட்டம் வரைந்தார். பரிதிப் புள்ளியை மையத்தோடு இணைத்து, அக்கோட்டை அப்பால் நீட்டினார். ஆரைகள் சமமாதலின் இரு பக்கத்தும் இருசமபக்க முக்கோணிகள் தோன்றின. முக்கோணியின் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை. அவ்விரண்டும் இங்கே சமம். ஆகவே புறக்கோணம் ஒன்றன் இருமடங்கு. இரு பக்கத்தையும் கூட்டத் தேற்றம் பெறப்பட்டது. சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென நிமிர்ந்தார். "புள்ளி சிறுவில்லுக்கு வந்தால், அங்கே கோணத்தை எதிரமைப்பது பெருவில். அது மையத்தில் எதிரமைப்பது 260 பாகை. அதன் பாதிதான் 130! தேற்றம் பிழைக்கவில்லை, சேர்!" என்றார்.

மறுநாள் குழுக்கள் கலைந்தன. கரும்பலகையில் நிறுவலைச் செய்து, ஒவ்வொருவரையும் அயலிலிருப்பவனுக்கு அதனை விளக்கச் செய்தார். அதன்பின்னரே திரை ஒளிர்ந்தது. 130 தோன்றிய காரணத்தை வகுப்புக்கு எடுத்துரைத்தவன் முதல்நாள் வினவிய அம்மாணவனே.

இதனாற் பெறத்தக்க பாடம் யாது? கற்றற் பாணிகள் என்னுங் கொள்கை பலராற் போற்றப்படுவது. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் 1992 இல் எழுதிய கட்டுரையால் அதன் ஒரு வகுப்புமுறை பரவிற்று. எனினும், 2008 இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, மாணவனின் பாணிக்கேற்பக் கற்பித்தலால் அவன் மேலும் நன்கு கற்பான் என்பதற்குப் போதிய சான்றில்லை என முடிபு கூறினர். மாணவரிடையே வேறுபாடு இல்லையென்பது இதன் பொருளன்று. முன்னறிவு வேறு, விரைவு வேறு, ஆர்வம் வேறு. முறையைத் தீர்மானிக்க வேண்டியது பெரிதும் பாடப்பொருளே. வடிவியலுக்குப் படம் எல்லார்க்கும் வேண்டும். நிறுவலும் எல்லார்க்கும் வேண்டும்.

கணினி ஐயத்தை எழுப்ப வல்லது. அதனைத் தீர்த்தல் சிந்தனையின் தொழில். ஆசிரியர் கூறியதை முழுதுங் கொண்டாலும் புலமை காற்பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கென்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்புமென்றும் நன்னூலார் வகுத்தார். அம்மாலைப் பொழுதில் எமது ஆசிரிய மாணவர் பெற்றது அவ்வரைப்பங்கே.

கல்லூரிக்குக் கணினியுந் திரையும் உதவும் பழைய மாணவர்க்கு எமது நன்றி உரியது. அவற்றின் முன் நின்று, "ஏன்?" என வினவும் பிள்ளைக்கு விடை கூறவல்ல ஆசிரியரையும் ஆக்கித் தருவோமாக.