படபடப்பு மாத்திரை: தொடங்கும் அன்றே கேட்க வேண்டிய கேள்வி

நெஞ்சு படபடத்தால் தாமலில் எவருக்கும் முதலில் மாரடைப்பு பயம்தான் வரும். நானும் காஞ்சிபுரம் போய் ஈசிஜி எடுத்தேன். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. நான் தறி நெசவாளி; முகூர்த்தச் சேலையைச் சொன்ன நாளில் அறுத்துக் கொடுக்க வேண்டும், முன்பணம் செலவாகிவிட்டது, ராத்திரி தூக்கமில்லை. மனநல மருத்துவர் பதற்ற நோய் என்று சொல்லி இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று எஸ்சிடலோபிராம், பலன் தெரியவே சில வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க குளோனசெபாம். இது பென்சோடயசபைன் வகை. அல்பிரசோலமும் டயசபாமும் இதன் பங்காளிகள்.

குளோனசெபாமை எப்போது நிறுத்துவோம்? சீட்டு வாங்கும்போதே இதைக் கேளுங்கள். "ரெண்டு, மூணு வாரம்தான். அப்புறம் நானே குறைப்பேன்" என்றார் டாக்டரம்மா. பதற்றத்துக்கு இதை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பதே பொதுவான வழிமுறை. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை இது கூட்டுகிறது. அதனால்தான் போட்ட கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு அடங்குகிறது. நாள்பட்டால் அதே அளவு போதாமல் போகும், உடம்பும் பழகிவிடும். 1963இல் விற்பனைக்கு வந்த வேலியம் (டயசபாம்) உலகமெங்கும் பலரை இப்படிப் பழக்கியது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்குமான தன் மிகக் கடுமையான எச்சரிக்கையில் இந்தப் பழக்க ஆபத்தையும் சேர்த்தது.

வேலையும் வண்டியும். ராத்திரி போட்டாலும் காலையில் மந்தம் இருக்கும். கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா; இரண்டு பேர் கையும் ஒத்துப்போக வேண்டும். மந்தம் தெளியும்வரை நான் கோர்வையில் உட்காரவில்லை, நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் பைக்கும் எடுக்கவில்லை, காஞ்சிபுரத்துக்கு பஸ்தான்.

குடி கூடவே கூடாது. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடன் கொடுக்காதீர்கள். "எனக்கும் தூக்கமே இல்ல தம்பி, ரெண்டு குடேன்" என்று பக்கத்துத் தறி அக்கா கேட்டார். அவருக்கு வயது அதிகம். ராத்திரி எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். கர்ப்பிணிகளுக்கும் தூக்கத்தில் மூச்சு முட்டுபவர்களுக்கும் வேறு ஆபத்துகள் உண்டு. "வேணாம்க்கா, டாக்டரைப் பார்க்கலாம்" என்று கூட்டிப் போனேன். இந்த வகையில் சில மாத்திரைகளின் அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டிருப்பது சும்மா இல்லை. 2014 முதல் அல்பிரசோலம், டயசபாம் போன்றவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அந்தப் பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பட்டென்று நிறுத்தாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். எனக்கு அரை மாத்திரையாக்கி, பிறகு அதையும் குறைத்தார்கள். இடையில் சில ராத்திரி புரண்டுகொண்டிருந்தேன். நோய் திரும்பிவிட்டதென்று பயந்து பழைய அளவுக்குப் போகாமல் டாக்டரிடம் கேட்டேன். குறைக்கும்போது அப்படி இருக்கும் என்றார், குறைக்கும் வேகத்தை மட்டும் தணித்தார்.

மருத்துவரிடம் போகத் தயக்கமா? அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ். எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.