மெனுவை மாற்றினால் விற்பனை கூடுமா?

கேள்வி: எங்கள் தோப்பு மாம்பழம், மாங்கூழ், ஊறுகாய் மூன்றையும் இணையத்தில் விற்கிறோம். பார்ப்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. மெனுவில் கோளாறா?
– வாசகர், பர்கூர்

பதில்: இருக்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. டாடா குழுமமும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் 1984-இல் தொடங்கிய டைட்டனுக்கு ஓசூரில்தான் கடிகார ஆலை. அதன் இணையக் கடையில் ஆண்கள், பெண்கள் என்றும் தேடலாம்; ராகா, எட்ஜ் என்று பிராண்ட் வழியாகவும் போகலாம். வாங்குபவர் யோசிக்கும் விதத்தில் வழிகள் அமைந்திருக்கின்றன.

‘பொருள்கள்’ என்ற ஒரே தலைப்புக்குள் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். பழம், கூழ், ஊறுகாய் தனித்தனியே முகப்பிலேயே தெரியட்டும். கைபேசியில் மூன்று கோடுகளுக்குப் பின்னால் மெனு ஒளிந்துகொண்டால் பலர் அதைத் தொடுவதே இல்லை.

பழத்துக்குள் ரகவாரியாகப் பிரியுங்கள். இங்கேதான் எல்லையோர வியாபாரத்தின் சூட்சுமம். தோதாபுரியைப் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் கேட்பார்கள். கர்நாடகத்தில் அல்போன்சாவுக்குப் பாதாமி என்று பெயர். எந்தப் பெயரைத் தட்டினாலும் அதே பழம் வந்து நிற்க வேண்டும். பெங்களூரு ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அந்த வாடிக்கையாளரை ஒரு பெயருக்காக இழப்பது பெரிய நஷ்டம்.

சீசன் முடிந்ததும் கூழையும் ஊறுகாயையும் மெனுவின் முன்னால் நகர்த்துங்கள். ‘இருப்பு இல்லை’ என்ற பலகை முதலில் தெரியக் கூடாது.

மாற்றியபின், கடையை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஒரு கிலோ செந்தூரா மாம்பழம் வாங்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தை உடனே திருத்துங்கள்.