கோவில் பதிவேடு திறக்க மறுத்தால்: முதலில் நகல், பிறகு வைத்தியம்



எங்கள் தோட்டக் கோவில் இன்றும் இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிய பிறகு குடும்பங்கள் புந்தோங், சுங்கை சிப்புட், கோலாலம்பூர் என்று பிரிந்து போயின. திருவிழா உபயப் பதிவேட்டில் மட்டும்தான் எல்லாரும் இன்னும் ஒன்றாக இருக்கிறார்கள். அது மைக்ரோசாப்ட் ஆக்சஸில் உள்ள ஒரே ஒரு கோப்பு. போன வருடம் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது திறக்கவில்லை. "தம்பி, நீதான் இன்ஜினியரிங் படிக்கிற, கொஞ்சம் பாரு" என்று செயலாளர் அண்ணன் லேப்டாப்பைக் கொடுத்தார்.

ஏன் பழுதாகிறது?

முதல் காரணம், எழுதும் நேரத்தில் தடங்கல். மின்சாரம் போனால், பென்டிரைவைப் பிடுங்கினால், வைஃபை அறுந்தால், ஒரு பக்கம் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும்.

இரண்டாவது, அளவு. ஓர் ஆக்சஸ் கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஆக்சஸ் 97-இல் வரம்பு 1 ஜிகாபைட்தான். வரிகளை அழித்தாலும் கோப்பு சுருங்காது; காலி இடம் உள்ளேயே கிடக்கும். எங்கள் கோப்பை வீங்க வைத்தது பெயர்கள் அல்ல, உள்ளே ஒட்டிய திருவிழாப் படங்கள்.

என்ன செய்வது?

1. கோப்பை நகலெடுங்கள். மூலத்தைத் தொடவே வேண்டாம்.
2. எல்லாரும் ஆக்சஸை மூடட்டும். அதன் பிறகும் பக்கத்தில் 'எல்ஏசிசிடிபி' என்று முடியும் பூட்டுக் கோப்பு இருந்தால், யாரும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கலாம்.
3. எந்தக் கோப்பையும் திறக்காமல், 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். நகலைத் தேர்ந்து, வேறு பெயரில் சேமியுங்கள்.
4. முடியவில்லையா? புதிய காலிக் கோப்பு திறந்து, அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள். எது சிக்குகிறதோ அதுதான் நோயாளி.
5. கடைசியாக வரிகளை எண்ணுங்கள்.

இந்த ஐந்தாவதைத்தான் நான் முதலில் விட்டேன். கோப்பு திறந்ததும் சந்தோஷத்தில் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் பழைய நீள நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று குடும்பங்கள் இல்லை! பழுதுபார்க்கும்போது மீட்க முடியாத வரிகளை ஆக்சஸ் விட்டுவிடும். கணினி சத்தம் போடாது, அழைப்பு வராத பாட்டிதான் "எங்கள மறந்துட்டீங்களா?" என்று கேட்பார். நோட்டைப் பார்த்து மூவரையும் திரும்பச் சேர்த்தோம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரி கணக்கில் விடுபட்டன. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இனி வராமல் இருக்க

• அட்டவணைகள் ஒரு கோப்பில், படிவங்கள் இன்னொன்றில் என்று பிரியுங்கள்.
• படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் பதியுங்கள்.
• வைஃபை வழியாகத் திறக்காமல் கேபிள் போடுங்கள்.
• மாதம் ஒருமுறை காம்பேக்ட் செய்யுங்கள். அதற்கு முன் நகல்.
• ஒரு நகல் கோவிலில், இன்னொன்று வேறொருவர் வீட்டில்.

உங்கள் கோவில் பதிவேடு எந்தக் கணினியில் இருக்கிறது, அதற்கு நகல் உண்டா? இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். அந்த நீள நோட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.